நஞ்சை, புறம்போக்கு, ஈரநிலம்: ஒரு மொழிபெயர்ப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

தை மாதக் கடைசியில் ஒரு வேலை வந்து சேர்ந்தது. பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அதையொட்டிக் கிராமம் கிராமமாகக் கொடுப்பதற்கு ஒரு துண்டறிக்கை. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், தமிழாக்கித் தர வேண்டும். காசு கிடையாது. "நீங்க எழுதிக்கிட்டே இருக்கிற ஆளு, அரை மணி நேர வேலை" என்றார் கொண்டுவந்த நண்பர். எனக்கு நான்கு நாள் ஆனது. தலைப்பிலேயே இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒன்று 'வெட்லேண்ட்', இன்னொன்று 'வைஸ் யூஸ்'. இரண்டுக்கும் தமிழ்ச் சொல் இல்லாமல் இல்லை. 'ஈரநிலம்' என்று அரசாணைகளில் இருக்கிறது. 'விவேகமான பயன்பாடு' என்று யாரோ ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். சொல் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

'ஈரநிலம்' என்று எழுதிவிட்டுப் பார்த்தால் அது நஞ்சை போலத் தெரிந்தது. இது என்னுடைய மயக்கம் மட்டுமல்ல. சென்னை மாகாணத்து வருவாய்த்துறை ஆங்கிலத்தில் நஞ்சைக்குப் பெயரே 'வெட் லேண்ட்'தான், புஞ்சைக்கு 'டிரை லேண்ட்'. பாசனம் பெற்று நெல் விளைந்து அதற்கேற்ற தீர்வை கட்டுகிற நிலம் ஈரமானது. வருஷத்தில் ஆறு மாதம் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற சதுப்பு அந்தக் கணக்கில் ஈரம் இல்லை! தண்ணீர் நிற்கிறதா என்பதல்ல, தீர்வை நிற்கிறதா என்பதே கேள்வி. தீர்வை இல்லாதவை எல்லாம் தரிசு அல்லது புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, குளத்துப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு. யாருக்கும் பட்டா இல்லாததால் எல்லோரும் புழங்கிய இடங்கள். ஆவணத்தில் அந்தப் புழக்கத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. அதனால் அது நடக்கவே இல்லை என்றாகிறது. பிரதிக்கு வெளியே எதுவுமில்லை என்று இங்கே தத்துவமாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தாசில்தார் அலுவலகத்தில் அது தினப்படி நடைமுறையாக இருந்தது.

இந்தச் சொல் பிறகு பேச்சில் வசவாகிப் போனதை எல்லோரும் அறிவோம். 'பொறம்போக்கு' என்றால் உருப்படாதவன். நிலத்துக்கு வைத்த பெயர் ஆளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் அந்தச் சொல்லை வசவிலிருந்து மீட்கப் பார்த்தது. அந்த முயற்சியைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சொல்லை மீட்பது ஒன்று, இடத்தை மீட்பது இன்னொன்று.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரத்துப் பழைய ஆட்கள் அதைக் கழுவெளி என்றார்கள். தென்சென்னையின் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழை ஏரி ஏரியாக வழிந்து அங்கே இறங்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அதில் சதுப்பாக மிஞ்சியது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். மீதி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியதில்லை, பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ்ஸில் போனாலே தெரியும். ஆராய்ச்சி நிறுவனம், கணினி நிறுவனம், ரயில் பாதை, மாநகராட்சியின் குப்பைமேடு. 'வீண்' நிலம் என்று ஆவணம் சொன்னதை நகரம் அப்படியே நம்பி, குப்பையைக் கொட்டி, அதை உண்மையாக்கிக் காட்டியது. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது எல்லோரும் 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதினார்கள். சீற்றமாவது ஒன்றாவது. தண்ணீர் தாழ்ந்த இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறொன்று. 2007இல் பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேரைக் காப்பாற்ற முடிவு செய்தபோது அதைக் காப்புக்காடு என்று அறிவிக்க வேண்டியிருந்தது. மரம் அடர்ந்த இடம் அல்ல அது, கோரையும் தண்ணீரும். ஆனால் சட்டத்தின் மொழியில் காப்பாற்றத் தகுந்தது காடு. தண்ணீரைத் தண்ணீராகக் காப்பாற்ற நம்மிடம் சொல் இல்லை, காடு என்று வேஷம் கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பிறகு 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025இல் அந்த எல்லைக்குள்ளேயே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுமதி தரப்பட்டதாக வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரே இடம் ஒரு அலுவலகத்தில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம், இன்னொரு அலுவலகத்தில் மனை. இதைக் குளறுபடி என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பிரதிகளும் தத்தமது இலக்கணப்படி சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

இனி ராம்சார் பிரதிக்கு வருகிறேன். ஈரானில் காஸ்பியன் கடலோர ஊரான ராம்சாரில் 1971 பிப்ரவரி 2ஆம் தேதி 18 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஒப்புக்கொண்டது. இந்தியா 1982இல் சேர்ந்தது. அதன் முழுப்பெயரில் நீர்ப்பறவைகளின் வாழிடம் என்று வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் இருப்பது 'வாட்டர்ஃபௌல்'. அது வேட்டைக்காரனின் சொல். இந்த உடன்படிக்கைக்கு வழி அமைத்தவர்களில் பறவை ஆய்வாளர்களோடு ஐரோப்பிய வேட்டை அமைப்புகளும் இருந்தன. சுட வாத்து வேண்டுமானால் வாத்து இறங்க நீர் வேண்டும். இதைச் சொல்லி உடன்படிக்கையைக் கொச்சைப்படுத்துவது என் நோக்கமல்ல. அக்கறை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவே. பிறந்த இடத்தை வைத்து அதைத் தள்ளிவிடவும் முடியாது.

ஏனென்றால் அந்தப் பிரதியின் முதல் பிரிவு அசாதாரணமானது. சதுப்பு, பீட் நிலம், நீர்ப்பரப்பு என்று தொடங்கி, இயற்கையானதோ செயற்கையானதோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நிற்பதோ ஓடுவதோ, நன்னீரோ உப்போ, வற்றுநேரத்தில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு மிகாத கடல்வரை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. 'இயற்கையோ செயற்கையோ' என்ற அந்த ஒரு தொடர் போதும். இயற்கை/பண்பாடு என்ற இருமை எதிர்வை உடைக்க நாமெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு சர்வதேச உடன்படிக்கை காற்புள்ளி போட்டுத் தாண்டிப் போயிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வட ஐரோப்பியனுக்குப் பறவை வரும் இடம் என்றால் சதுப்பு. நமக்குப் பெரும்பாலும் ஏரி, கண்மாய். வேடந்தாங்கல் ஏரி. கூந்தன்குளம் பாசனக் குளம். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், வேட்டங்குடி எல்லாம் கண்மாய்கள். மனுஷன் கரை போட்டு, மடை வைத்து, கலுங்கு கட்டி, வண்டல் எடுத்து வைத்திருக்கிற நீர். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. மனுஷன் கை எங்கே முடிகிறது, இயற்கை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு கண்மாயில் கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம். எண்பதுகளில் ஸ்வீடன் நிதியுதவியோடு சமூகக் காடு வளர்ப்பு என்ற பேரில் நீர்ப்பிடிப்புகளில் கருவேல மரம் நட்டார்கள், விறகுக்காக. இன்று பல கண்மாய்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது அதில்தான். இவ்வளவு ஏன், எல்லோரும் கரித்துக்கொட்டுகிற சீமைக்கருவேலத்திலும் கட்டுகின்றன. 2017இல் அதை வேரோடு பிடுங்க மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டபோது ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியது. பிறகு அதே ஆண்டில் தடை வந்தது. அந்நிய மரம் என்ற வெறுப்பில் நம் தேசியவாதம் எவ்வளவு, நீரியல் எவ்வளவு என்று தனியாக எழுத வேண்டும்.

ஆக, 1971இன் பிரதி ஏரியை உள்ளே வைத்தது. இந்திய அரசின் 2010 விதிகளும் குளம், நீர்த்தேக்கம் என்று பெயர் சொல்லியே உள்ளே வைத்தன. 2017இல் அந்த விதிகளைத் திருத்தி எழுதினார்கள். தொடக்கம் ராம்சாரின் வாசகமேதான், 'இயற்கையோ செயற்கையோ' உட்பட. பிறகு ஒரு 'ஆனால்' வருகிறது. ஆனால் ஆற்றுப்போக்குகள் சேராது, நெல் வயல் சேராது, குடிநீருக்கென்று கட்டியவை சேராது, பாசனத்துக்கென்று கட்டியவை சேராது, உப்பளம் சேராது. முதல் பாதியில் கதவைத் திறந்து அடுத்த பாதியில் சாத்துகிற இந்த வாக்கியத்தை நான் பல தடவை படித்தேன். நம்முடைய ஏரிகளில் கிட்டத்தட்ட எல்லாம் பாசனத்துக்கென்று கட்டியவை! பட்டியலில் ஏறிவிட்ட ஒரு சில தப்பித்தன. மற்றவை மறுபடியும் பழைய இடத்துக்கே, ஏரிப் புறம்போக்குக்கு. நஞ்சை 'வெட்' ஆக இருந்தது, சதுப்பு 'வேஸ்ட்' ஆக இருந்தது. இப்போது சதுப்பு 'வெட்' ஆகிவிட்டது, நஞ்சையும் அதன் ஏரியும் வெளியே.

'பட்டியல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு உறுப்பு நாடுகளுக்கு இரண்டு கடமை சொல்கிறது. பட்டியலில் உள்ளவற்றுக்குப் பாதுகாப்பு. மற்றவற்றுக்கு இயன்றவரை 'வைஸ் யூஸ்'. அந்த 'இயன்றவரை'யில்தான் நாம் எல்லோரும் குடியிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2002இல் கோடியக்கரை மட்டும் பட்டியலில் இருந்தது. 2022இல் மளமளவென்று ஏறி, 2025 பிப்ரவரியில் 20 ஆனது, இந்திய மாநிலங்களிலேயே அதிகம். பெருமைப்படலாம், நானும் பட்டேன். 20 போக மீதி எத்தனை ஆயிரம் என்று கழித்துப் பார்த்தபோது பெருமை கொஞ்சம் இறங்கியது. நாட்டின் ஈரநில வரைபடத் தொகுப்பு (2011) 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை மட்டுமே 2,01,503 என்று எண்ணியிருக்கிறது.

சரி, 'வைஸ்' யார்? இதில்தான் என் பேனா நின்றது. விவேகம் என்று எழுதியவுடன் விவேகமில்லாதவன் ஒருவன் தேவைப்படுகிறான். அவன் எப்போதும் எருமை மேய்க்கிறவனாக, வலை போடுகிறவனாக, கோரை அறுக்கிறவனாகவே இருக்கிறான்.

ராஜஸ்தானத்துப் பரத்பூர் இதற்குப் பாடம். கேவலாதேவ் என்ற அந்த நீர்ப்பரப்பும் ராஜாக்கள் அணை போட்டு நீர் தேக்கியதுதான், வாத்து சுடுவதற்காக. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் எருமைகள் அதே தண்ணீரில் மேய்ந்துகொண்டிருந்தன. 1981இல் சிலிகாவோடு இந்தியாவின் முதல் ராம்சார் தலங்களில் ஒன்றாகியது. 1982இல் தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சாலிம் அலி போன்றவர்களின் ஆதரவும் தடைக்கு இருந்தது. எதிர்த்த கிராமத்தார் மீது போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். வைஸ்ராய் சுட்டது கேளிக்கை, இது பாதுகாப்பு.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். எருமை தின்றுகொண்டிருந்த நீர்ப்புல் தின்ன ஆளில்லாமல் பரவியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. நீர்ப்பறவைகள் குறைந்தன. இதைச் சொன்னது எருமைக்காரர்கள் மட்டுமல்ல, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வு சொன்னது. சாலிம் அலியின் சொந்தக் கழகம். பிறகு ஊராரைப் புல் அறுக்க உள்ளே விட்டார்கள். அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது, அதற்கு மரியாதை உண்டு. ஆனால் எருமைக்காரன் சொன்னது ஆய்வறிக்கை ஆகும்வரை 'அறிவு' ஆகவில்லை. அதிகாரம் அறிவைத் தடுக்கிறது என்பது பாதி உண்மை. எது அறிவு என்று தீர்மானிக்கிற இடத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது.

நீலகிரியில் இதே கதையின் இன்னொரு வடிவம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன். மேல்மலைப் புல்வெளிகளின் பள்ளங்களில் மக்காத தாவரம் ஆயிரமாயிரம் ஆண்டு படிந்து கறுத்த பீட் நிலங்கள் இருக்கின்றன. உலக நிலப்பரப்பில் பீட் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் எல்லாக் காடுகளின் மரங்களும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது. நீலகிரிப் பீட்டைத் தோண்டி எடுத்து, பல்லாயிரம் ஆண்டுக் காலநிலை மாற்றத்தை வாசித்த ஆய்வு 1993இல் 'நேச்சர்' இதழில் வந்தது. நாம் இலக்கியப் பிரதிகளை வாசித்துக்கொண்டிருந்த அதே வருஷம். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்கிற புல் அந்தச் சேற்று நிலத்தில்தான் விளையும். அங்கெல்லாம் சீகை மரமும் யூக்கலிப்டஸும் நட்டு, அணையும் கட்டிய பிறகு, புல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நட்டபோது அதற்கும் பெயர் விவேகம்தான்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கட்டுரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நவீன அரசை ஓரமாக வைத்துவிட்டு மரபின் விவேகத்துக்குத் திரும்பும். கையில் வேடந்தாங்கலும் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798இல் கௌல் வாங்கினார்கள் என்பது அந்தச் சரணாலயத்தின் பதிவான வரலாறு. 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். நீர்க்கடம்பு மரங்களில் அடையும் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாதுகாப்பும் பயன்பாடும் இரண்டு வேலை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூந்தன்குளத்தில் பறவை வருவதைப் பிள்ளைப்பேற்றுக்கு மகள் வீட்டுக்கு வருவதாகப் பேசுகிறார்கள். எல்லாம் உண்மை. இதற்கு எதிராக 2020இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் ஆரத்தை 3 ஆகச் சுருக்க வந்த அரசு யோசனையை நிறுத்திப் பார்த்தால், கட்டுரை தானாகவே எழுதிக்கொள்ளும். கூடவே நெய்தல், மருதம், நாரை விடு தூது. நாலு பாட்டு சேர்த்தால் தமிழன் அப்போதே சூழலியலாளன்.

எனக்கு அது ஓடவில்லை. காரணம் ஒரு பெரியவர். சில வருஷங்களுக்கு முன்னால் ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பா அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பது, அடைப்பது, கடைசி வயல்வரை தண்ணீர் கொண்டுபோவது, ராத்திரி கரை காவல். அறுவடையில் கூலியாகக் கொஞ்சம் நெல். நான் ஆர்வமாக, "ஐயா, அந்தக் காலத்துல கண்மாயை ஊரே சேர்ந்து நல்லா பாத்துக்கிட்டீங்களாமே" என்று கேட்டேன். சும்மா ஒரு பதிலை எதிர்பார்த்த கேள்வி. அவர் சிரித்தார்.

"ஊரே சேர்ந்துன்னா யாரு தம்பி? தண்ணி தெறந்து விட்டது எங்கப்பா. ஆனா குடிதண்ணி ஊருணியில எங்கப்பா படியில கால் வைக்கக் கூடாது. யாராவது மேல நின்னு ஊத்துவாக. கொக்கு எந்தப் படியிலயும் நிக்கும்."

டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட 'த ரூல் ஆஃப் வாட்டர்' தென்மாவட்டக் கண்மாய்களை வைத்து இதையே நீளமாக வாதிடுகிறது. கண்மாய் ஒத்துழைப்பின் சின்னமாக இருந்ததைவிடச் சாதி, கௌரவம், அதிகாரம் இவற்றின் நிறுவனமாக இருந்தது என்று. குடிமராமத்து என்ற சொல்லில் 'குடி' யார் என்று கேட்காமல் அதை மீட்டெடுக்கக் கிளம்பினால், மீண்டு வருவது கரை மட்டுமாக இருக்காது. நீர்ப்பாய்ச்சி வேலையை விட்டு விலகிப்போன மகன்களை 'மரபு அழிகிறது' என்று வருத்தப்படுகிற சூழலியல் கட்டுரைகளை நானே எழுதியிருக்கிறேன். ஊருணிப் படியில் கால் வைக்கக் கூடாதவன் அந்த மரபை ஏன் காப்பாற்ற வேண்டும்?

இதைச் சொன்னதும் இரண்டு பக்கத்து நண்பர்களும் கோபித்துக்கொள்கிறார்கள். சூழல் நண்பர்கள், கண்மாய் போனால் முதலில் சாவது நிலமில்லாதவன்தானே என்கிறார்கள். அதுவும் சரி. மீன், நண்டு, கோரை, விறகு, ஆட்டுக்குத் தழை, வற்றிய கண்மாய்க்குள் போடுகிற வெள்ளரி. பட்டா இல்லாதவனுக்குக் கண்மாய்தான் பட்டா. இன்னொரு பக்கத்து நண்பர்களோ, ஆண்ட சாதிக்காரன் ஏரியை மண் மூடிப் பஸ் ஸ்டாண்டு கட்டினால் நமக்கென்ன என்கிறார்கள். மதுரையில் மாட்டுத்தாவணி ஒரு கண்மாய் மீது இருக்கிறது, சென்னையில் நுங்கம்பாக்கத்து ஏரி பேரளவில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் யாரும் யாரையும் படி பார்ப்பதில்லை என்பதும் உண்மைதான். இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூடிய ஏரியின் தண்ணீர் அடுத்த மழைக்குப் போகிற இடம் பெரும்பாலும் சேரிதான், காலனிதான். பெருங்கதையாடல்கள் முடிந்துவிட்டன என்று நாம் அறிவித்துவிட்டோம், தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தவரை கேள்வி மரபா நவீனமா என்பதில் இல்லை. மீன் குத்தகை யாருக்கு, கோரை அறுக்கும் உரிமை யாருக்கு, எவ்வளவு தண்ணீர் மடைக்குக் கீழே போகலாம், எவ்வளவு குஞ்சு பறக்கும்வரை கண்மாயிலேயே நிற்க வேண்டும், இதை முடிவு செய்கிற கூட்டத்தில் யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள். பங்குனியில் தண்ணீர் சீக்கிரம் வற்றினால் கூட்டில் குஞ்சு சாகும். தேக்கி வைத்தால் கடைமடை வயல் காயும். இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு இருக்கிறது. அதைச் சர்வதேச மாநாடு சொல்ல முடியாது. ராம்சார்காரர்களே 1987இல் 'வைஸ் யூஸு'க்கு ஒரு விளக்கம் எழுதி, 2005இல் அதை மாற்றி எழுதினார்கள். முதலில் மனிதகுல நன்மைக்காக என்றிருந்தது, பிறகு சூழலியல் தன்மையைப் பேணுவது என்றானது. மாற்றி எழுதக்கூடியது என்றால் கண்மாய்க் கரையிலும் எழுதலாம், நீர்ப்பாய்ச்சியின் மகளும் எழுதலாம்.

துண்டறிக்கையில் 'வெட்லேண்ட்' வந்த இடமெல்லாம் ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல், கழி, கழுவெளி என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். 'வைஸ் யூஸ்' என்ற இடத்தில் 'எல்லோரும் சமமாகக் கூடிப் பேசிப் புழங்குவது' என்று போட்டேன். மொழிபெயர்ப்பு அல்ல, தெரியும். அச்சாகி வந்தபோது அத்தனையும் எடுத்துவிட்டு 'ஈரநிலங்களை விவேகமாகப் பயன்படுத்துவோம்' என்று ஆக்கியிருந்தார்கள். இடம் போதவில்லையாம். மேலே பாதிப் பக்கத்துக்குப் பூநாரையின் வண்ணப்படம்.

பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது பெரியவருக்கும் ஒன்று கொடுத்தேன். பேத்தி வாசித்துக் காட்டினாள்.

"ஈரநிலம்னா நஞ்சைதானே தம்பி?" என்றார். "இல்லை ஐயா, நம்ம கண்மாய்தான்" என்றேன். தாளைத் திருப்பி வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படத்தைப் பார்த்தார்.

"இது நம்ம கண்மாய்க்கு வந்ததில்லையே. எந்த ஊருப் பறவை?"